ஆயுதமும் அரசும் – 9: பட்டியல் போடத் தடை

அமெரிக்காவின் துப்பாக்கி விவாதத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, அது துப்பாக்கி வேண்டும் என்போருக்கும் கூடாது என்போருக்கும் இடையே நடக்கும் வழக்காகவே தோன்றுகிறது. இத்தொடரின் முந்தைய பகுதிகளில் கண்டபடி, அந்த வழக்கு 2008ஆம் ஆண்டிலேயே பெருமளவு முடிந்துவிட்டது. தலைநகர் வாஷிங்டனின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து டிக் ஹெல்லர் என்ற காவல் பணியாளர் தொடுத்த வழக்கில், தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் தரும் தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு துப்பாக்கியை அடியோடு ஒழிக்கும் சட்டம் எதுவும் அங்கே நிற்க வழியில்லை. அப்படியிருந்தும் சண்டை ஓயவில்லை என்றால், அதன் முடிச்சு வேறெங்கோ இருக்கிறது என்றுதான் பொருள். யாரிடம் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்பதை அரசு எழுதி வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்ற, கேட்பதற்குக் குமாஸ்தா வேலை போல ஒலிக்கும் கேள்வியில்தான் அந்த முடிச்சு விழுந்திருக்கிறது.

விவாதத்தில் அடிக்கடி குழப்பப்படும் மூன்று ஏற்பாடுகளை முதலில் பிரித்தறிய வேண்டும். உரிமம் என்பது ஆளுக்குத் தரப்படுவது; இவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவர் என்று அரசு முன்கூட்டியே சொல்வது. பின்னணிச் சோதனை என்பது கடையில் வாங்கும் நேரத்தில் நடப்பது. வாங்குபவர் பெருங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரா, நீதிமன்றத்தால் விலக்கப்பட்டவரா என்று பார்த்து அனுப்பிவிடுவதோடு அது முடிந்துவிடும். பதிவு என்பது பொருளையும் ஆளையும் சேர்த்து எழுதுவது. இந்த எண்ணுள்ள துப்பாக்கி இன்னாரிடம் இருக்கிறது என்று ஏட்டில் நிற்பது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் இவை பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கின்றன. உரிமத்திலேயே துப்பாக்கியின் எண் ஏறிவிடுகிறது. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கக் கேட்கப்படுகிறார்கள். யார் இன்னும் ஒப்படைக்கவில்லை என்பதை நிலைய எழுத்தர் ஏட்டைப் புரட்டியே சொல்லிவிடுவார். தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் வியப்பேதும் இராது. ஆனால் அமெரிக்காவின் கூட்டாட்சி அரசு இப்படி ஓர் ஏட்டைத் தொடங்கினால், அது 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறிய செயலாகும்.

இந்தத் தடை நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிற்றூரில் இருக்கும் தேசியத் தடமறி மையத்தில் பார்க்கலாம். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். என்ற கூட்டாட்சித் துறையின் கீழ் இயங்கும் இம்மையத்துக்கு, நாடெங்குமுள்ள காவல் துறைகள் குற்ற நிகழ்விடங்களில் கண்டெடுத்த துப்பாக்கிகளின் விவரத்தை அனுப்பி, அவை யாரால் வாங்கப்பட்டன என்று கேட்கின்றன. அண்மை ஆண்டுகளில் இத்தகைய கோரிக்கைகள் ஆண்டுக்கு 6 லட்சத்துக்கும் மேல் வருகின்றன. பதிவேடு உள்ள நாடுகளில் இது கணினியில் எண்ணைத் தட்டிப் பெயரைப் பார்க்கும் வேலை. மார்ட்டின்ஸ்பர்க்கில் தொலைபேசியை எடுத்து, அந்தத் துப்பாக்கியைத் தயாரித்த நிறுவனத்திடம் எந்த மொத்த விற்பனையாளருக்கு விற்றீர்கள் என்று கேட்க வேண்டும். மொத்த விற்பனையாளரிடம் எந்தக் கடைக்கு விற்றார் என்று கேட்க வேண்டும். கடைக்காரர் தன் வரவு செலவுப் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடி, வாங்கியவர் நிரப்பிக் கையெழுத்திட்ட 4473 என்ற எண்ணுடைய படிவத்தை எடுத்துப் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் படிவம் அரசுக்குப் போவதில்லை, கடையிலேயே இருக்கிறது.

கடை மூடப்பட்டிருந்தால் வேலை இன்னும் கடினமாகிறது. தொழிலைக் கைவிடும் துப்பாக்கி வணிகர் தன் ஏடுகள் அனைத்தையும் ஏ.டி.எஃப். துறைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது சட்டம். அவை அட்டைப் பெட்டிகளில் மார்ட்டின்ஸ்பர்க்குக்கு வந்து சேர்கின்றன. சில தண்ணீரில் ஊறியவை, சில தீயில் ஓரம் கருகியவை, பல யாருக்கும் புரியாத கையெழுத்தில் எழுதப்பட்டவை. பெட்டிகளின் எடையைக் கட்டடத்தின் தரை தாங்காது என்ற நிலை வந்ததால், வாகன நிறுத்தத்தில் சரக்குப் பெட்டகங்களை நிறுத்தி அவற்றுக்குள் அடுக்கும்படி ஆயிற்று. ஊழியர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துச் சேமிக்கிறார்கள். 2021ஆம் ஆண்டளவில் இப்படிக் குவிந்த பதிவுகள் 90 கோடியைத் தாண்டியிருந்தன. ஆனால் அந்தப் படங்களில் பெயரைக் கொடுத்துத் தேடும் வசதி இருக்கக் கூடாது. இருந்தால் அது பட்டியலாகிவிடும். ஆகவே ஊழியர் இன்ன கடை, இன்ன ஆண்டு என்று கோப்பைத் திறந்து, திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய்க் கண்ணால் தேடுகிறார். அவசர வழக்கென்றால் ஒரு நாளுக்குள் விடை வரக்கூடும். சாதாரண வழக்குக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அப்படியே கிடைத்தாலும் கிடைப்பது முதலில் வாங்கியவரின் பெயர் மட்டுமே. அவர் அதை அண்டை வீட்டாருக்கு விற்றிருந்தால், தனியார் விற்பனைக்கு எந்த ஏடும் கேட்காத பல மாநிலங்களில் தடம் அத்தோடு அறுந்துபோகிறது.

உலகின் மிக முன்னேறிய கணினித் தொழில்நுட்பம் பிறந்த நாட்டில், அரசு அலுவலகம் ஒன்று தன் கணினியை வேண்டுமென்றே அரைக்குருடாக வைத்திருக்கும்படி சட்டம் இயற்றியவர்களை மூடர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அவர்கள் மூடர்கள் அல்லர். அவர்களின் அச்சத்துக்கு வேர் உண்டு. அந்த வேரைத் தொடாமல் எழுதப்படும் கண்டனங்கள், அமெரிக்காவிலும் சரி, இந்தியப் பத்திரிகைகளிலும் சரி, பாதி விவாதத்தையே சொல்கின்றன.

பட்டியலின் நவீன வரலாறு 1934இல் தொடங்குகிறது. மதுவிலக்குக் காலத்துக் கும்பல்கள் இயந்திரத் துப்பாக்கிகளால் தெருவில் சுட்டுக்கொண்ட நிகழ்வுகளுக்குப் பிறகு, பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இயந்திரத் துப்பாக்கி, குழல் குறுக்கப்பட்ட துப்பாக்கி, ஓசையடக்கி போன்றவற்றைக் கைமாற்ற 200 டாலர் வரி கட்டி, மத்தியப் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும் என்று அது விதித்தது. அந்நாளில் 200 டாலர் என்பது ஏறக்குறைய அந்தத் துப்பாக்கியின் விலைக்கே நிகரான தொகை. அச்சட்டத்தின் முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. எதிர்ப்பு எழுந்ததால் அவை நீக்கப்பட்டன. அந்த நீக்கம் நடந்திராவிட்டால் இன்றைய விவாதத்தின் உருவமே வேறாக இருந்திருக்கும்.

அடுத்த வாய்ப்பு 1968இல் வந்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் இரண்டு மாத இடைவெளியில் சுட்டுக் கொல்லப்பட்ட அவ்வாண்டில், அதிபர் லிண்டன் ஜான்சன் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பதிவும் எல்லா உரிமையாளர்களுக்கும் உரிமமும் வேண்டும் என்று கேட்டார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அஞ்சல் வழி விற்பனையைத் தடுத்தது. வணிகர்கள் ஏடு வைத்திருக்க வேண்டும் என்றது. பதிவையும் உரிமத்தையும் மறுத்துவிட்டது. அக்டோபரில் அச்சட்டத்தில் கையெழுத்திட்டபோது, நாட்டில் 16 கோடித் துப்பாக்கிகள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, துப்பாக்கி ஆதரவுக் குழுக்களின் வலிமையால் தாம் கேட்டது கிடைக்கவில்லை என்று ஜான்சன் வெளிப்படையாகவே குறைப்பட்டார். பத்தாண்டு கழித்து, ஜிம்மி கார்ட்டர் காலத்தில், துப்பாக்கிகளின் வரிசை எண்களையும் விற்பனை விவரங்களையும் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்பும்படி வணிகர்களைக் கேட்கலாம் என்று ஏ.டி.எஃப். துறை ஒரு விதியை முன்மொழிந்தது. வாங்கியவரின் பெயர் அதில் கேட்கப்படவில்லை. இருந்தும் காங்கிரஸ் அந்த விதியை நிறுத்தியதோடு, அதற்கு ஆகும் என்று துறை சொன்ன 42 லட்சம் டாலரை அதன் நிதியிலிருந்து வெட்டியது. விற்பனைப் பதிவுகளை ஓரிடத்தில் திரட்டப் பணம் செலவிடக் கூடாது என்ற நிபந்தனை அன்றிலிருந்து வரவுசெலவுச் சட்டங்களில் இடம்பிடித்தது.

1986இல் ரொனால்டு ரேகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் இதை நிரந்தரமாக்கியது. ஐந்தாண்டுகளுக்கு முன் அதே ரேகனைச் சுட்ட துப்பாக்கி, டல்லஸ் நகரத்து அடகுக்கடை ஒன்றில் வாங்கப்பட்டது என்பதைக் கண்டறிந்தது இதே தடமறி முறைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வணிகர்களின் ஏடுகளை அரசு அலுவலகத்துக்கு மாற்றும்படி கேட்கும் விதியோ, துப்பாக்கிகளையோ உரிமையாளர்களையோ பதிவு செய்யும் அமைப்போ உருவாக்கப்படக் கூடாது என்று அச்சட்டம் சொன்னது. ஆனால் அதே சட்டத்தில், வாக்கெடுப்பின் கடைசி மணி நேரத்தில் நுழைந்த திருத்தம் ஒன்று, அவ்வாண்டு மே மாதத்துக்குப் பிறகு தயாரிக்கப்படும் இயந்திரத் துப்பாக்கி எதையும் பொதுமக்கள் வைத்திருக்க முடியாது என்று விதித்து, 1934ஆம் ஆண்டுப் பதிவேட்டின் கதவை மூடிவிட்டது. பட்டியலுக்குத் தடை விதித்த கையே, ஏற்கெனவே இருந்த பட்டியலைக் கொண்டு ஒரு வகைத் துப்பாக்கியின் எண்ணிக்கையை உறைய வைத்தது.

இந்த இரட்டைச் செயலிலிருந்து இரு தரப்பும் தத்தமக்கு வேண்டிய பாடத்தை எடுத்துக்கொள்கின்றன. கட்டுப்பாட்டை ஆதரிப்போர், அப்பதிவேட்டில் இன்று 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தும், முறையாகப் பதிவான ஒன்றைக் கொண்டு நடந்த கொலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிறார்கள். அது உண்மை, ஆனால் கைரேகை, மாதக்கணக்கான காத்திருப்பு, இன்று பல்லாயிரம் டாலராக ஏறிவிட்ட விலை ஆகியவற்றையும் கழித்துப் பார்த்தால்தான் பதிவின் பங்கு மட்டும் எவ்வளவு என்று தெரியும். உரிமை பேசுவோரோ, 1934இல் வரி என்று தொடங்கியது 1986இல் தடை என்று முடிந்தது, பட்டியல் இருந்ததால்தான் அது முடிந்தது என்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

அவர்கள் கையில் இதைவிடக் கூரிய சான்றுகளும் உண்டு. நியூயார்க் நகரம் 1967இல் ரைஃபிள்களையும் சிதறு குண்டுத் துப்பாக்கிகளையும் பதிவு செய்யச் சொன்னபோது, இது குற்றத்தைத் துப்பறிய மட்டுமே என்று சொல்லப்பட்டது. 1991இல் அதே நகரம் தாக்குதல் வகைத் துப்பாக்கிகள் என்று தான் வரையறுத்தவற்றைத் தடை செய்தபோது, முன்பு ஒழுங்காகப் பதிந்தவர்களின் வீடுகளுக்கே, துப்பாக்கியை நகரத்தை விட்டு வெளியேற்ற வேண்டும் அல்லது செயலிழக்கச் செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு போயிற்று. பதியாதவர்களுக்கு எந்தக் கடிதமும் போகவில்லை. அவர்களின் முகவரி நகரத்திடம் இல்லை. கலிஃபோர்னியாவில் எஸ்.கே.எஸ். என்ற ரைஃபிளின் ஒரு வகையைப் பதியலாம் என்று அதிகாரிகளே சொல்லி, மக்கள் பதிந்த பின்னர், அந்த அனுமதி செல்லாது என்றாகி, 1990களின் இறுதியில் அவற்றை அரசிடம் விலைக்கு ஒப்படைக்கும் நிலை வந்தது. இந்த இரண்டு நிகழ்வுகளும் அளவில் சிறியவை. ஆயினும், பதிவு ஒருபோதும் பறிமுதலில் முடியாது என்று மேடையில் உறுதி கூறும் அரசியல்வாதி எவரும் இவற்றுக்கு நேராக விடை சொல்வதில்லை.

அதிகாரியின் கையில் இருக்கும் பட்டியலுக்கு அஞ்ச வேறொரு காரணத்தையும் அமெரிக்க வரலாறு தருகிறது. அது உரிமை பேசும் மேடைகளில் அண்மைக் காலம் வரை அதிகம் ஒலிக்காத காரணம். உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் தம் வட்டாரக் காவல் வாரியத்தின் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. உரிமம் யாருக்குத் தரப்படும் என்பதை எவரும் ஊகித்திருக்கலாம். 1956இல் அலபாமாவின் மாண்ட்கமரியில் தம் வீட்டின் மீது குண்டு வீசப்பட்ட பிறகு, மறைத்து வைத்துத் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தார் மார்ட்டின் லூதர் கிங். அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அகிம்சையின் உருவமாக உலகம் அறிந்த அவரே ஒருமுறை அந்தப் படிவத்தை நிரப்பி நின்றார் என்பது, அனுமதியும் பட்டியலும் நடுநிலையான எழுத்து வேலை என்று சொல்வோர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இதற்கு மாறாக, எல்லா மேடையிலும் ஒலிக்கும் ஜெர்மானிய எடுத்துக்காட்டு வலுக் குறைந்தது. நாஜிகளுக்கு முந்தைய வைமார் குடியரசு 1931இல் துப்பாக்கிகளைப் பதிவு செய்ய அதிகாரம் தந்தது. அந்த ஏடுகள் நாஜிகளின் கைக்குப் போயின. 1938 நவம்பரில் யூதர் மீதான வன்முறை இரவுக்கு அடுத்தடுத்த நாட்களில் யூதர் எவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்ற ஆணை பிறந்தது என்ற வரிசை சரியானதே. ஆனால் அதே ஆண்டு மார்ச் மாதத்தில் நாஜி அரசு பெரும்பான்மை ஜெர்மானியருக்குத் துப்பாக்கி விதிகளைத் தளர்த்தியது என்பது அந்த மேடைகளில் சொல்லப்படுவதில்லை. மக்கள்தொகையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த ஒரு சமூகத்தை, அரசும் படையும் அண்டை வீட்டாரும் கைவிட்ட நிலையில், அலமாரியிலிருந்த சில கைத்துப்பாக்கிகள் காப்பாற்றியிருக்கும் என்ற வாதம் வரலாற்றை விடப் பிரசாரத்துக்கே நெருக்கமானது.

சட்ட நுணுக்கம் ஒன்றும் இங்கே குறுக்கிடுகிறது. 1968 ஜனவரியில் ஹெய்ன்ஸ் வழக்கில், பதியாத துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட முன்னாள் குற்றவாளி ஒருவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. பதிவு செய் என்று அவரிடம் சொல்வது, தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள் என்று சொல்வதாகும். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ஐந்தாம் திருத்தத்துக்கு அது முரண் என்பது தீர்ப்பின் சாரம். காங்கிரஸ் அவ்வாண்டே பதியும் கடமையைத் தயாரிப்பவர் மீதும் கைமாற்றித் தருபவர் மீதும் சுமத்தி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. ஆனாலும், பதிவேடு நல்லவனை மட்டுமே கட்டும், கெட்டவனை விட்டுவிடும் என்று பேசுவோருக்கு ஹெய்ன்ஸ் தீர்ப்பு இன்றளவும் கை கொடுக்கிறது.

மறதியைச் சட்டமாக்கியதன் விலை என்ன என்பது 2001 டிசம்பரில் வெளிப்பட்டது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு தடுத்து வைக்கப்பட்டவர்களில் யாரேனும் துப்பாக்கி வாங்கியிருக்கிறார்களா என்று பின்னணிச் சோதனைப் பதிவுகளில் பார்க்க எஃப்.பி.ஐ. விரும்பியது, ஆனால் அந்தப் பதிவுகள் அத்தகைய தேடலுக்கு உரியவை அல்ல என்று சட்ட அமைச்சராக இருந்த ஜான் ஆஷ்கிராஃப்ட் மறுத்துவிட்டார். சந்தேகத்தின் பேரில் ஆட்களையே மாதக்கணக்கில் அடைத்து வைத்த அரசு, அவர்களின் துப்பாக்கி ரசீதைப் பார்ப்பதை மட்டும் உரிமை மீறலாகக் கருதியது. 2004ஆம் ஆண்டு முதல், சோதனையில் தேறியவர்களின் பதிவை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது.

2013இல் நடந்தது இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பணியாளர்களும் கொல்லப்பட்ட நான்கு மாதங்களில், துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் இணைய விளம்பரங்கள் வழியாகவும் நடக்கும் விற்பனைக்குப் பின்னணிச் சோதனையை விரிக்கும் திருத்தம் ஒன்றை, இருவருமே துப்பாக்கி உரிமை ஆதரவாளர்களான ஜோ மான்சின், பாட் டூமி என்ற செனட்டர்கள் கொண்டுவந்தனர். கூட்டாட்சிப் பட்டியல் உருவாக்குவதற்குத் தடையை அதில் மறுபடியும் எழுதியதோடு, அப்படி உருவாக்கும் அதிகாரிக்கு 15 ஆண்டு வரை சிறை என்றும் சேர்த்திருந்தனர். இது பட்டியலுக்கு முதல் படி என்ற குற்றச்சாட்டே அதன் மீது மிகுதியாக வீசப்பட்டது. ஏப்ரல் 17 அன்று ஆதரவாக 54 வாக்குகளும் எதிராக 46 வாக்குகளும் விழுந்தன. நிறைவேறத் தேவையான 60 கிடைக்காததால் திருத்தம் தோற்றது. பட்டியல் போடுபவனைச் சிறைக்கு அனுப்பும் மசோதாவே பட்டியல் அச்சத்தால் வீழ்ந்தது என்பதிலிருந்து, அச்சம் அதன் காரணங்களை விட்டு வெகுதூரம் விலகித் தனக்கென ஒரு வாழ்வைப் பெற்றுவிட்டது தெரிகிறது.

பிற நாடுகளின் அனுபவம் இரு தரப்புக்கும் முழு ஆறுதல் தருவதில்லை. மான்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் 1989இல் 14 பெண்கள் கொல்லப்பட்டதன் தொடர்ச்சியாக, கனடா 1995இல் நீள் துப்பாக்கிகள் அனைத்தையும் பதியும் சட்டத்தை நிறைவேற்றியது. கட்டணம் போக அரசுக்கு 20 லட்சம் டாலர் மட்டுமே செலவாகும் என்று சொல்லப்பட்ட திட்டம் 100 கோடி டாலரைத் தாண்டும் என்று 2002இல் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை தந்தார். 2012இல் ஸ்டீபன் ஹார்ப்பர் அரசு அந்தப் பதிவேட்டையே ஒழித்தது. நியூசிலாந்து எதிர்த் திசையில் நடந்தது. ஏடுகள் ஒழுங்காக இல்லை என்று 1983இல் ரைஃபிள் பதிவைக் கைவிட்டு, ஆளுக்கு உரிமம் மட்டும் போதும் என்று இருந்த அந்நாடு, 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு பாதித் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்து விலைக்கு வாங்கியது. சுமார் 56,000 துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. மொத்தம் எத்தனை வந்திருக்க வேண்டும் என்பது எவருக்கும் தெரியவில்லை, ஏனெனில் எண்ணிக்கை எழுதப்படவே இல்லை. 2023இல் அங்கே மறுபடியும் பதிவேடு திறக்கப்பட்டது.

அமெரிக்க நீதிமன்றங்களில் இப்போது கேட்கப்படும் கேள்வி வேறு. உச்ச நீதிமன்றத்தின் 2022ஆம் ஆண்டு புரூயன் தீர்ப்பு, துப்பாக்கிச் சட்டம் எதுவும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்துகிறதா என்பதை வைத்தே அதன் செல்லுபடி தீர்மானிக்கப்படும் என்றது. 2011இலேயே, கைத்துப்பாக்கியைப் பதியும்படி கேட்கும் வாஷிங்டன் நகர விதியை மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை ஏற்றபோது, பதிவு அமெரிக்க மரபில் இல்லாதது என்று மாறுபட்டு எழுதியவர் பிரெட் கவனா. அவர் இன்று உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்திருக்கிறார். மரபு என்று வந்தால், 1792ஆம் ஆண்டுக் குடிப்படைச் சட்டத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். குடிப்படை என்பது தொழில்முறைப் படைக்கு மாறாக, ஊர்மக்களே ஆயுதத்தோடு திரளும் படை. 18 முதல் 45 வயது வரையுள்ள வெள்ளையின ஆண்கள் சொந்தச் செலவில் துப்பாக்கியும் துப்பாக்கி முனை ஈட்டியும் இரண்டு உபரிச் சக்கிமுக்கிக் கற்களும் 24க்குக் குறையாத தோட்டாக்களை வைக்கும் பையும் வைத்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது; அத்துடன், அணிவகுப்பில் ஆயுதங்களின் நிலையைப் பார்வையிட்டுக் கணக்கு அனுப்பும்படியும் அதிகாரிகளுக்குச் சொன்னது. இரண்டாம் திருத்தம் ஏற்கப்பட்டு ஐந்து மாதங்களே ஆன நிலையில், யாரிடம் துப்பாக்கி இருக்கிறது, யாரிடம் இல்லை என்று அரசு எழுதத் தொடங்கிவிட்டது. அன்று பார்க்கப்பட்டது படைக்குரிய துப்பாக்கி மட்டுமே, வீட்டிலிருந்த எல்லாமும் அல்ல என்பது எதிர்த்தரப்பின் விடை. நியாயமான விடைதான், ஆனால் பதிவே மரபுக்கு அந்நியம் என்ற வாதத்தை அது காப்பாற்றாது.

மாநில அளவில் நிலைமை ஒட்டுப்போட்ட துணி போல் பல நிறம் காட்டுகிறது. ஹவாயில் எல்லாத் துப்பாக்கியையும் பதிய வேண்டும். ஃபுளோரிடாவிலோ உரிமையாளர் பட்டியல் தயாரிக்கும் அரசு அமைப்புக்கு 50 லட்சம் டாலர் வரை அபராதம். பட்டியல் வைத்திருக்கும் மாநிலங்களும் அதைப் பத்திரமாக வைத்திருப்பதில்லை. 2022 ஜூனில் கலிஃபோர்னியாவின் நீதித் துறை, துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்ட ஏறத்தாழ 1,92,000 பேரின் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்களைத் தன் இணையத் தளத்தில் தவறுதலாக வெளியிட்டுவிட்டது. தாக்கும் கணவனிடமிருந்து தப்பி முகவரி மாற்றி வாழும் ஒரு பெண்ணும் அப்பட்டியலில் இருந்திருக்கக் கூடும் என்பதை நினைத்தால், பட்டியலை எதிர்ப்போர் எல்லோரும் கற்பனைப் பூதத்துக்கு அஞ்சுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே விவாதிக்கத் தக்க கேள்வி பட்டியலை யார் வைத்திருப்பது, எந்த நீதிமன்ற ஆணையின் பேரில் திறப்பது, கசிந்தால் யாருக்குத் தண்டனை என்பதே. அந்தக் கேள்விக்கு வராமல் பட்டியலே கூடாது என்று நிற்பதால், பட்டியல் இல்லாமல் போய்விடவில்லை. துப்பாக்கிக் கடைகளுக்குத் தனிக் குறியீட்டு எண் வேண்டும் என்று 2022இல் கடன் அட்டைத் துறையில் முடிவானதும், பல மாநிலங்கள் அவசர அவசரமாக அதைத் தடை செய்து சட்டம் இயற்றின. ஆனால் துப்பாக்கி வாங்கியவர்கள் உத்தரவாத அட்டையில் எழுதித் தந்த பெயரையும் முகவரியையும் தொழில் துறையின் சங்கமே திரட்டி, பல ஆண்டுகளாகத் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியதாக 2024இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் விரிவான புலனாய்வை வெளியிட்டது. அரசு பட்டியல் போடக் கூடாது என்று நாடெங்கும் வாதாடிய அதே சங்கம் அது. அந்தப் பட்டியலில் பெயரைக் கொடுத்துத் தேட முடியும். மார்ட்டின்ஸ்பர்க் ஊழியர்களுக்கு அந்த வசதி இன்றும் இல்லை.

(தொடரும்)